முட்டிவலியும் மூலைவிட்டமும்

2024 நவம்பர் 9, சனி. ஷிபுயா

டோக்கியோ வந்து இது மூன்றாம் நாள். முதல் இரண்டு நாளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. தூங்கினேன், முட்டிக்கு ஒத்தடம் கொடுத்தேன், தங்கை மகன் பரணி வைத்த ரசத்தைக் குறை சொல்லாமல் குடித்தேன். ஆறு வருஷமாக இங்கே வேலை பார்க்கிறான். இன்று மத்தியானம், "பெரியம்மா, சாயங்காலம் ஷிபுயா போலாம், ஒரு ரோட்டை கிராஸ் பண்ணணும்" என்றான். ரோட்டைக் கடக்கவா இவ்வளவு தூரம் விமானம் ஏறி வந்தேன் என்று கேட்டேன். "ஆமா, அதுக்குத்தான் எல்லாரும் வராங்க" என்றான்.

ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. ஸ்டேஷனின் ஹாச்சிகோ வாசல் வழியாக வெளியே வந்தோம். ஹாச்சிகோ ஒரு நாயின் பெயர். அதை வளர்த்த பேராசிரியர் 1925இல் வேலைக்குப் போன இடத்திலேயே இறந்துபோனார். நாய் 1935இல் தான் சாகிறவரை இந்த ஸ்டேஷனுக்கு வந்து அவரை எதிர்பார்த்திருந்தது. 1934இல், நாய் உயிரோடு இருக்கும்போதே சிலை வைத்துவிட்டார்கள். போர்க்காலத்தில் உலோகம் வேண்டுமென்று அந்தச் சிலையை உருக்கி, 1948இல் மறுபடியும் வைத்தார்கள். அதோடு நின்று படம் எடுத்துக்கொள்ள நல்ல நீளமான வரிசை. நாயளவுக்குப் பொறுமை எனக்கில்லை என்று சொல்லி நகர்ந்தேன்.

முனையில் போய் நின்றபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள். நான் ஐந்தடி உயரம். முன்னால் ஒரு பெரிய பயணப்பெட்டி, அதற்கு முன்னால் இன்னும் நூறு பேர். வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. பிறகு ஒரு பக்கம் நின்றது, அடுத்த பக்கமும் நின்றது. ஓரிரு விநாடி யாருமே நகரவில்லை, வண்டியும் இல்லை ஆளும் இல்லை. அந்த வெற்றுத் தார்ச்சாலையைப் பார்த்த ஞாபகம்தான் எனக்கு இன்னும் இருக்கிறது. அப்புறம் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் பச்சை விழுந்து கூட்டம் இறங்கியது.

இதற்கு இங்கே பெயர் ஸ்கிராம்பிள். ஸ்கிராம்பிள் என்றால் முட்டைப் பொடிமாஸ் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நடுவில் போனதும் பெயர் பொருத்தம்தான் என்று தெரிந்தது. எதிரே ஒரு சுவர் மாதிரி ஆட்கள் வருகிறார்கள். மோதப் போகிறோம் என்று தோள் தானாக ஒடுங்குகிறது. ஆனால் சுவர் பக்கத்தில் வந்ததும் அதில் ஒரு ஆள் நுழையும் இடைவெளி இருக்கிறது. அதைத் தாண்டினால் அடுத்த இடைவெளி. யாரும் யாரையும் பார்க்காமலே, எறும்புச் சாரி மாதிரி, ஒருவருக்கொருவர் வழி விட்டுக்கொண்டே போகிறார்கள். நின்று படம் எடுக்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு வெள்ளைக்காரப் பையன் நடுவில் தரையில் படுத்தே படம் எடுத்தான். அவனைச் சுற்றிக்கொண்டு போனார்களே தவிர ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முக்கால்வாசி கடந்திருப்பேன், இடதுகைக் கையுறை விழுந்துவிட்டது. குனிய முட்டி விடாது. போனால் போகட்டும் என்று நடந்தேன். நடைபாதை ஏறி மூச்சு வாங்கும்போது, "சுமிமாசேன், சுமிமாசேன்" (மன்னிக்கணும்) என்று ஒரு பெண் ஓடிவந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும், அலுவலக உடுப்பு, தோளில் பெரிய பை. என் கையுறையை இரண்டு கையாலும் நீட்டி, தலை குனிந்து, நான் நன்றி சொல்லி முடிப்பதற்குள் திரும்பி ஓடினாள். எங்களுக்கு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தவள் அவள்! கையுறையைக் கொடுக்கத் திரும்பி வந்திருக்கிறாள். பச்சை சிமிட்ட ஆரம்பித்திருந்தது. இங்கே அது சிமிட்டினால் புதிதாக இறங்கக் கூடாது, நடுவில் இருப்பவர்கள் சீக்கிரம் முடிக்க வேண்டும் அல்லது திரும்பிவிட வேண்டும். அவள் விளிம்பு வரை ஓடி, சிமிட்டலைப் பார்த்து, அப்படியே நின்றுவிட்டாள். அடுத்த பச்சை வரை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மறுபடி போய் நன்றி சொன்னால் சங்கடப்படுவாள் என்று பரணி தடுத்துவிட்டான்.

நெரிசலான நேரத்தில் ஒரு பச்சைக்கு 3,000 பேர் வரை இறங்குவார்களாம். இன்று சனிக்கிழமை என்பதால் அந்தக் கணக்கை நம்புகிறேன். வெறிச்சோடிய நாள் என்று ஒன்று இங்கே இருக்குமா என்று கேட்டேன். ஹாலோவீன் அன்று மட்டும் வராதீர்கள் என்று வார்டு நிர்வாகமே கெஞ்சுகிறது என்றான் பரணி. போன மாதத்திலிருந்து சாயங்காலம் ஆறு மணி முதல் விடிகாலை ஐந்து வரை ஸ்டேஷனைச் சுற்றித் தெருவில் நின்று குடிக்கத் தடை. அறிவிப்புப் பலகையைக் காட்டினான்.

சாப்பாடு சொதப்பியது. காய்கறி என்று சொல்லி வாங்கிய நூடுல்ஸ் குழம்பில் மீன் வாசம். இங்கே பெரும்பாலான குழம்புக்கு அடித்தளமே மீனும் கடற்பாசியும் கொதித்த தண்ணீர்தான். பரணி முன்னாடியே சொன்னான், நான்தான் கேட்கவில்லை. 980 யென், அதாவது ஐந்நூற்று நாற்பது ரூபாய்ச் சொச்சம். நூடுல்ஸை அவன் முடித்தான்.

நவம்பர் 10, ஞாயிறு. மறுபடி ஷிபுயா, பிறகு கின்சா

நேற்று நடுவில் நின்று பார்த்ததில் எதுவும் புரியவில்லை, மேலேயிருந்து பார்க்க வேண்டும் என்றேன். எதிர்க் கட்டிடத்தின் 47 மாடிக்கு மேலே மொட்டைமாடி இருக்கிறது. முன்பதிவு தீர்ந்திருந்தது. எதிரே மாடியில் இருக்கும் காபிக் கடையின் ஜன்னலோர நாற்காலிக்கு ஆட்கள் காத்து நின்றார்கள். காசில்லாத இடம் ஒன்று இருக்கிறது. ஸ்டேஷனுக்குள் ஒரு ரயிலிலிருந்து இன்னொரு ரயிலுக்குப் போகும் பாலத்தில், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. மறுபக்கச் சுவரில் ஒகமோடோ தாரோ வரைந்த 30 மீட்டர் அகல ஓவியம், அணுகுண்டு வெடிக்கிற கணம். மெக்சிகோவில் காணாமல்போய்க் கண்டெடுத்து 2008இல் இங்கே மாட்டியதாம். அதைப் பார்க்கிறவர் குறைவு, எல்லாருக்கும் கண்ணாடிப் பக்கம்தான்.

என் பக்கத்தில் நான்கு வயதுப் பெண்குழந்தை ஒன்று கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றது. வண்டிகள் நின்றதும் "இமா!" என்று கத்தும். இப்போ என்று அர்த்தம். அது கத்தின மறுவிநாடி கூட்டம் இறங்கும். ஆறு தடவை பார்த்தேன், ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

பட்டைகளை எண்ணினேன். ஐந்து. நாலு பக்கமும் நாலு, குறுக்கே ஒன்றே ஒன்று. எக்ஸ் எழுத்து மாதிரி இரண்டு இருக்கும் என்று எண்ணியிருந்தேன். ஆனால் கூட்டம் பட்டையைப் பார்த்தா நடக்கிறது? தரை முழுக்கத்தான் நடக்கிறது.

ஒரு முழுச் சுற்றுக்குக் கைபேசியில் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேலே வந்தது. முதலில் ஒரு சாலை வண்டிகள், அடுத்து குறுக்குச் சாலை வண்டிகள், மூன்றாவதாக எல்லா வண்டிக்கும் சிவப்பு விழுந்து ஆட்களுக்கு மட்டும் பச்சை. சாதாரண முனையில் இந்த மூன்றாவது முறை கிடையாது. சாலைக்குப் பச்சை விழும்போதே அதே திசையில் நடப்பவர்களுக்கும் பச்சை விழுந்துவிடும். அதனால் திரும்புகிற வண்டி எதுவானாலும் நடக்கிறவர்களுக்குள் மூக்கை நுழைத்துத்தான் திரும்ப வேண்டும். என் மாதிரி மெதுவாக நடக்கிறவர்களுக்குப் பயமே அந்த வண்டிதான். நேரே வருகிற வண்டியைப் பார்க்கலாம். திரும்புகிற வண்டி முதுகுப்பக்கத்திலிருந்து வரும். குதிகாலை முகர்ந்துகொண்டு நிற்கும். இங்கே அது கிடையவே கிடையாது. நேற்று அத்தனை கூட்டத்திலும் எனக்கு ஏன் பதற்றம் வரவில்லை என்று இன்றுதான் தெரிந்தது. மனிதர்கள் மோதினால் "மன்னிக்கணும்" என்று சொன்னால் முடிந்தது.

சும்மா கிடைப்பதில்லை, காத்திருக்கத்தான் வேண்டியிருக்கிறது. மூன்றாவது முறை சேர்ந்துகொள்வதால் சுற்று நீள்கிறது. வண்டியும் கூடுதலாக நிற்கிறது, நாமும் நிற்கிறோம். மூலைக்கு மூலை போகிறவருக்கு லாபம், இரண்டு பச்சைக்குப் பதில் ஒன்று. பள்ளிக்கூடக் கணக்குதான். பக்கம் ஒன்று என்றால் இரண்டு பக்கம் சுற்றினால் இரண்டு, மூலைவிட்டம் 1.41. முட்டிக்கு அந்த 0.59 பெரிய தொகை. ஆனால் ஒரே பக்கத்தைக் கடக்கிறவர், சாதாரண முனையாக இருந்தால் எப்போதோ போயிருப்பார், இங்கே எல்லாரோடும் சேர்ந்து நிற்கிறார்.

ஷிபுயாவில் ஏன் இவ்வளவு கூட்டம் என்பதற்குப் பரணி சொன்ன காரணம் பிடித்திருந்தது. பெயரின் கடைசி எழுத்துக்கே பள்ளத்தாக்கு என்று அர்த்தம். முனை பள்ளத்தின் அடியில் இருக்கிறது. தோகென்சாகா, மியாமசுசாகா என்று இரண்டு பக்கமும் ஏற்றச் சாலைகள், 'சாகா' என்றாலே சரிவு. பள்ளத்தில் நீர் தேங்குகிற மாதிரி ஆட்கள் வந்து தேங்குகிறார்கள். நம்பாவிட்டால் ரயிலைப் பாருங்கள் என்றான். கின்சா லைன் என்ற சுரங்க ரயில், 1927இல் திறந்தது, ஷிபுயாவில் மூன்றாம் மாடியிலிருந்து கிளம்புகிறது! ரயில் நேராகத்தான் போகிறதாம், தரைதான் பள்ளத்தில் இறங்குகிறது.

அந்த ரயிலிலேயே கின்சா. ஞாயிறு மத்தியானம் என்பதால் பெரிய சாலையில் வண்டிகளே இல்லை. பன்னிரண்டிலிருந்து ஐந்து மணிவரை ஆட்களுக்கு மட்டும். 1970இலிருந்து நடக்கிறதாம். நடுச்சாலையில் நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன், பயணத்திலேயே சுகமான ஒரு மணி நேரம்.

பக்கத்தில் சுகியபாஷி முனை. அங்கேயும் ஸ்கிராம்பிள், ஆனால் ஷிபுயாவின் ஆட்டபாட்டம் இல்லை. நல்ல கோட்டு போட்டவர்கள் நல்ல நடையில் கடக்கிறார்கள். நான்கு தடவை மூலைவிட்டமாகப் போய்வந்தேன். பரணி போலீஸ் பூத் பக்கத்தில் நின்று, எனக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை என்பது போல் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐந்தாவது தடவை நிற்கும்போது வெள்ளைக் கோல் வைத்த ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். பச்சை விழுந்தது. எல்லாரும் போனார்கள், அவர் ஒரு கணம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத்தான் காலை எடுத்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பார்வை இல்லாதவர் சாதாரண முனையில் பக்கத்துச் சாலையில் ஓடும் வண்டிச் சத்தத்தை வைத்துத்தான் நேர்கோடு பிடிப்பார். இங்கே எந்த வண்டியும் ஓடவில்லை. நாலாபக்கமும் காலடிச் சத்தம். எந்தச் சத்தத்தோடு போவது? இந்த ஊர் சிக்னல்களில் ஒரு திசைக்குக் குஞ்சுப் பறவை மாதிரி 'பியோ பியோ', இன்னொரு திசைக்குக் 'கக்கோ' என்று குயில் மாதிரி ஒலி வைத்திருக்கிறார்கள். சில முனைகளில் பட்டைக்கு நடுவிலேயே காலுக்குத் தட்டுப்படுகிற மேட்டுக்கோடும் உண்டாம். அவர் மூலைவிட்டம் பக்கம் போகவே இல்லை. ஒரு பக்கம் கடந்து, நின்று, அடுத்த பச்சைக்கு அடுத்த பக்கம். எனக்கு ஒரு பச்சையில் முடிந்தது அவருக்கு இரண்டானது, அதுவும் நீளமான இரண்டு. இரண்டாவதில் ஒரு பள்ளிச் சிறுமி ஏதோ கேட்டாள், அவர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ஆறாவது தடவை போகத் தோன்றவில்லை.

நவம்பர் 11, திங்கள். பரணி வீட்டுப் பக்கம்

வெயில் நன்றாக இருந்தது, முட்டி நன்றாக இல்லை. பரணி ஆபீஸ் போய்விட்டான். காலையில் பால் வாங்கலாம் என்று தனியாக இறங்கினேன். பால் வாங்கப் போய் நான் செய்த காரியத்தை எழுதத்தான் வேண்டும்.

வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் சின்ன நாற்சந்தி. நான் போன நேரம் பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரம். முதல் வகுப்புப் பிள்ளைகள் மஞ்சள் தொப்பி, முதுகை மூடுகிற தோல்பை. ஓரத்தில் பச்சை ஜாக்கெட் போட்ட ஒரு தாத்தா, கையில் மஞ்சள் கொடி. வண்டிகள் எல்லாப் பக்கமும் நின்றன. நாலு பக்கமும் ஆட்களுக்குப் பச்சை. ஆகா, நம்ம சரக்கு! என்று, இரண்டு நாள் பழக்கத்தில், மூலைவிட்டமாக இறங்கிவிட்டேன்.

நடுவில் போனபிறகுதான் என்னைத் தவிர ஒருவரும் நடுவில் இல்லை என்று கவனித்தேன். பிள்ளைகள் ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பக்கவாட்டுப் பட்டைகளில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் கையைத் தூக்கியபடியே தலையைத் திருப்பி, வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தான். தாத்தா சின்ன ஓட்டமாக வந்தார். திட்டவில்லை. என் பக்கத்தில் வந்து, கொடியை வண்டிகளுக்கு நேரே நீட்டிப் பிடித்து, என் வேகத்துக்கு, அதாவது ரொம்ப மெதுவாக, மறுமுனை வரை கூடவே நடந்து கொண்டுபோய்விட்டார். அப்புறம் தலை குனிந்து ஏதோ சொல்லி, சிக்னல் கம்பத்தில் இருந்த வெள்ளைப் பலகையைக் காட்டினார். எனக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. நானும் குனிந்தேன். அவர் மறுபடி குனிந்தார். மூன்று சுற்று குனிந்தபிறகு பிள்ளைகள் கிளம்பிப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் பலகையைப் படம் காட்டினேன். பரணி தலையில் கைவைத்தான். "பெரியம்மா, இதுல ஆளையும் வண்டியையும் பிரிச்ச சிக்னல்னுதான் போட்டிருக்கு. குறுக்கே போகலாம்னு போடல. தரையில குறுக்குப் பட்டை இருக்கான்னு பாத்தீங்களா?" பார்க்கவில்லை. எல்லாப் பச்சையும் ஸ்கிராம்பிள் இல்லையாம். வண்டிகளை நிறுத்தி ஆட்களை விடுவது ஒன்று, மூலைவிட்டமாகப் போக அனுமதிப்பது அதற்கு மேலே இன்னொன்று. மூலைவிட்டம் நீளம் என்பதால் பச்சை நேரமும் அதற்குத் தக்கபடி நீள வேண்டும். நொடிக்கு ஒரு மீட்டர் அல்லது கொஞ்சம் கூடுதலாக நடப்பார்கள் என்று ஒரு கணக்கு வைத்துத்தான் பொதுவாகப் பச்சை நேரத்தைத் தீர்மானிப்பார்கள். பக்கத்துக்குப் போதுமான பச்சை மூலைக்குப் போதாது. என் நடை நொடிக்கு ஒரு மீட்டர் இருக்குமா என்று வீட்டு வராந்தாவில் நடந்து பார்த்தோம். இல்லை.

மாலையில் சுட்ட சர்க்கரைவள்ளி. கடை வாசலில் சூடான கல்லில் அடுக்கி வைத்திருப்பார்கள், கொஞ்சம் பெரியது 350 யென். தோலை உரித்தால் தேன் மாதிரி ஒழுகுகிறது. இரவுச் சாப்பாடே அதுதான்.

நவம்பர் 12, செவ்வாய். ரயிலில்

குமமோட்டோ போகிறேன். ஜப்பானின் முதல் ஸ்கிராம்பிள் முனை அங்கேதான், 1968இல் வைத்தது. ஷிபுயாவில் வந்தது 1973இல்தான். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேலே போய் ஒரு சிக்னலைப் பார்க்க வேண்டுமா என்று தங்கை போனில் கேட்டாள். கோட்டையும் இருக்கிறது என்று சமாளித்தேன்.

புல்லட் ரயிலில் ஹகாட்டா வரை ஐந்து மணி நேரம். புஜி மலை இருக்க வேண்டிய இடத்தில் மேகம் இருந்தது. ஹகாட்டாவில் மாறும்போது அவசரத்தில் எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற வண்டியில் ஏறிவிட்டேன். அதிலும் நஷ்டமில்லை, உட்கார இடம் தாராளம்.

வழியில் கைபேசியில் படித்துக்கொண்டே வந்தேன். இந்த ஏற்பாட்டோடு சேர்த்துச் சொல்லப்படுகிற பெயர் ஹென்றி பார்ன்ஸ், அமெரிக்காவில் டென்வர் நகரத்தின் போக்குவரத்துப் பொறியாளர். 1950களின் தொடக்கத்தில் நகரின் நடுவில் இதைப் பரவலாக வைத்தார். சந்தோஷத்தில் ஜனங்கள் தெருவில் ஆடுகிறார்கள் என்று ஒரு பத்திரிகைக்காரர் எழுதப் போக, 'பார்ன்ஸ் டான்ஸ்' என்றே பெயராகிவிட்டது. கண்டுபிடித்தது அவர் இல்லை. கான்சஸ் சிட்டியிலும் வான்கூவரிலும் அதற்கு முன்பே 1940களின் கடைசியில் இருந்தது. பிறகு அவர் நியூயார்க்குக்குப் போய் 1962இல் அங்கேயும் வைத்தார்.

வேடிக்கை என்னவென்றால், டென்வரே 2011இல் கைவிட்டுவிட்டது. நகருக்குள் ஓடும் ரயிலுக்கு நேரம் ஒதுக்க வேண்டியிருந்ததால் ஆட்களுக்கென்று தனிப் பச்சை கட்டுப்படியாகவில்லை. டொரண்டோவிலும் 2008இல் ஆரம்பித்தார்கள், வைத்த முனைகளில் ஒன்றை 2015இல் எடுத்துவிட்டார்கள். லண்டனில் ஆக்ஸ்போர்டு சர்க்கஸ் என்ற முனையில் 2009இல் ஷிபுயாவைப் பார்த்துக் கட்டியது இருக்கிறது. கூட்டம் நிறைய, வண்டி குறைவு என்றால் இது நிற்கும். வண்டி நிறைய, ஆள் குறைவு என்றால் யாராவது ஒரு நாள் கணக்குப் பார்த்து எடுத்துவிடுவார்கள். அந்தக் கணக்கில் முட்டிக்கு ஒரு கட்டம் இருக்குமா என்பது என் சந்தேகம்.

நடுவில் ஒகயாமா ஸ்டேஷன் வந்தது. நடைபாதையில் காலுக்குத் தட்டுப்படுகிற மஞ்சள் கற்கள், பார்வையற்றவர்களுக்காக, முதன்முதலில் பதித்தது இந்த ஊரில்தான், 1967இல். வெள்ளைக் கோல்காரரை நினைத்துக்கொண்டேன். ஒகயாமாவில் ஒரு நிமிடம் நின்றிருப்போம்.

நவம்பர் 13, புதன். குமமோட்டோ

டோக்கியோவைவிட வெதுவெதுப்பு, கையுறை பைக்குள். டிராமில் எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 180 யென் வாங்கினார்கள். இறங்கும்போது சில்லறையைப் பெட்டியில் போட வேண்டும். எனக்குப் பின்னால் இருந்தவர்கள் நான் ஒவ்வொரு காசாகத் திருப்பிப் பார்த்து எண்ணி முடிக்கிறவரை மூச்சுவிடாமல் நின்றார்கள். ஓட்டுநர் கடைசியில் என் உள்ளங்கையிலிருந்து ஐந்து காசைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு கும்பிடாத குறையாகக் குனிந்தார்.

கோட்டை 2016 நிலநடுக்கத்தில் சேதமானது. நடுக் கோபுரத்தைச் சரிசெய்து 2021இல் திறந்துவிட்டார்கள். மதில்களில் இன்னும் வேலை நடக்கிறது. சரிந்த கற்களில் எண் எழுதி வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், எந்தக் கல் எங்கே இருந்ததோ அங்கேயே போக வேண்டுமாம். முடிய 2052 ஆகும் என்று போட்டிருந்தது. படி அதிகம், கீழேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

மத்தியானம் இந்த ஊர்ப் பண்டம், தாமரைத் தண்டின் துளைகளில் கடுகும் மிசோ என்ற சோயா விழுதும் அடைத்து மஞ்சள் மாவில் முக்கிப் பொரித்தது. வட்டமாக நறுக்கித் தருகிறார்கள். நம் பஜ்ஜி என்று முழுசாக வாயில் போட்டேன். கடுகு நேரே மூக்குக்கு ஏறி, கண்ணில் தண்ணீர். கடைக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். இரண்டாவது துண்டைச் சின்னச் சின்னதாகக் கடித்தேன், அருமை. பிறகு வழிக்கு நான்கு 'இகினாரி தாங்கோ' வாங்கினேன். சர்க்கரைவள்ளி வட்டமும் இனிப்புப் பயறும் மாவுக்குள் வைத்து அவித்தது. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் கொழுக்கட்டை.

அந்த முதல் ஸ்கிராம்பிள் இருக்கிற கோகாய் முனைக்கு டிராம் கிடையாது. கடைசி ஒரு மைல் நடை. நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்தேன், ஒரு தடவை பஸ் நிறுத்தத்தில், ஒரு தடவை யாரோ வீட்டுத் திண்ணை மாதிரி ஒன்றில். போய்ச் சேர்ந்தபோது நாலு மணி.

முனை என்று சொன்னால் முனைதான். பக்கத்தில் பழைய கடைத்தெரு, கொஞ்சம் தள்ளிப் பல்கலைக்கழகம். மின்கம்பிகள், மருந்துக்கடை மாதிரி ஒன்று, சைக்கிளில் மாணவர்கள். இதுதான் முதலாவது என்று சொல்ல ஒரு பலகை இருக்கிறதா என்று தேடினேன், என் கண்ணில் படவில்லை. படம் எடுக்க ஒருவரும் இல்லை. நான் எடுத்தேன், ஒரு மாணவன் நான் எதை எடுக்கிறேன் என்று திரும்பிப் பார்த்தான், அங்கே ஒன்றுமில்லை.

இந்த முறை முதலில் தரையைப் பார்த்தேன். குறுக்குப் பட்டை இருந்தது. இறங்கினேன்.

போய், வந்து, மறுபடி போனேன். மூன்றாவது தடவை எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பாட்டி. முதுகு நன்றாக வளைந்து, சக்கரம் வைத்த சின்னச் சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். என்னைவிட மெதுவாக நடக்கிற ஒருவரை இந்த நாட்டில் அன்றுதான் பார்த்தேன். நான் கரையேறும்போது பச்சை சிமிட்டியது. அவர் நடுவில் இருந்தார். சிவப்பு விழுந்தது, அப்போதும் இன்னும் நாலைந்து அடி பாக்கி. ஒரு பஸ்ஸுக்கும் அதன் பின்னால் நான்கு கார்களுக்கும் பச்சை வந்துவிட்டது. பஸ் நகரவில்லை. ஹாரன் இல்லை. முன்னால் ஊர்ந்து வந்து அவசரப்படுத்தவும் இல்லை. பாட்டி ஓடவும் இல்லை, அதே வேகம். சாமான் வண்டியின் முன்சக்கரத்தை நடைபாதைமேல் தூக்கி வைத்தார், பின்சக்கரத்தை ஏற்றினார், முழுசாகத் திரும்பி நின்று பஸ்ஸுக்குக் குனிந்தார். ஓட்டுநர் வெள்ளைக் கையுறை போட்ட கையை லேசாக உயர்த்திவிட்டுக் கிளம்பினார்.

சுவரோரம் சாய்ந்து பையைத் திறந்தேன். தாங்கோ நாலும் அமுங்கி ஒன்றாகியிருந்தன. கையாலேயே பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பரணி கூப்பிட்டான்.

"என்ன பெரியம்மா, போய்ச் சேந்துட்டீங்களா? கூட்டம் எப்படி?"

அப்போதுதான் இன்னொரு பச்சை விழுந்தது. எண்ணிப் பார்த்துச் சொன்னேன்.

"ஏழு பேர். நான் இறங்கினா எட்டு."